புதுசு மாதிரி

“ஒரு பஃப் அடிச்சு, கறுப்பு ஏத்திட்டாப் போதும்ங்கண்ணா, புதுசு மாதிரி ஆயிடும்.” சேலத்தில் பழைய ஏர்கன் (காற்றுத் துப்பாக்கி) ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு எந்தப் பட்டறை வாசலில் நின்றாலும் முதலில் காதில் விழுவது இதுதான். சொல்பவர் மேல் குற்றமில்லை. செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் தலைமுறை தலைமுறையாகக் கொலுசுக்கு மெருகு போட்ட ஊர் இது. பளபளத்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கொலுசுக்கு அது பொருந்தும். ஒரு மாடல் நிற்கப்போகும் வருடங்களில், ஆலையின் கடைசிச் சரக்காக வெளியே வந்த ஏர் ரைஃபிளுக்குப் பொருந்தாது. அந்த மாதிரித் துப்பாக்கியை மற்ற ஆயிரம் துப்பாக்கிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மயிரிழை ஆழமுள்ள ஒரு முத்திரையும், நிறம் மங்கிய ஒரு ஓரமும்தான். பஃப் அடிக்கும், அதாவது மெருகேற்றும், துணிச் சக்கரம் முதலில் தின்பது அந்த இரண்டையும்.

“பழசைப் பழசாகவே வைத்துக்கொள்வதா, ஓடுகிற நிலைக்குக் கொண்டுவருவதா” என்ற வாக்குவாதம் ஏர்கன் வைத்திருப்பவர்கள் கூடும் இடமெல்லாம் உண்டு. பொதுவான மாடல்களுக்கு எப்படி முடிந்தாலும் நஷ்டமில்லை. திருவிழாவில் பலூன் சுடக் கொடுக்கும் துப்பாக்கிக்கும், ஜெர்மன் டயானா 35-இன் சாயலில் நம் நாட்டில் செய்த ஐ.எச்.பி. துப்பாக்கிக்கும் யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை. கடைசிக்காலப் பதிப்புகளுக்கு வரும்போது மட்டும் அந்த வாக்குவாதம் செல்லாமல் போகிறது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமான பதிவு.

ஒரு மாடலின் கடைசி வருடங்களில் ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். புதிய மாடல் வரப்போகிறது. பழையதற்குப் புது அச்சு வெட்ட யாரும் பணம் போட மாட்டார்கள். கிடங்கில் கிடக்கும் சிலிண்டர் (ஸ்பிரிங்கும் பிஸ்டனும் ஓடும் குழாய்), பேரல், மரக் கட்டை, குறி பார்க்கும் சைட் எல்லாவற்றையும் தீர்த்தாக வேண்டும். அதனால் முந்தைய வருட முத்திரை போட்ட சிலிண்டரில் புது பிளாஸ்டிக் சைட் ஏறும். வால்நட் கட்டை தீர்ந்த இடத்தில் சாயம் பூசிய பீச் வரும். கையால் வெட்டிய செக்கரிங்குக்கு (பிடி வழுக்காமலிருக்கக் கட்டையில் போடும் குறுக்குக் கோடுகள்) பதில் அச்சில் அழுத்திய செக்கரிங் வரும். ஏற்றுமதிக்காக எடுத்து வைத்த பேரல் உள்நாட்டுக் கட்டையில் உட்காரும். கேட்லாக்கில் இதெல்லாம் இருக்காது. சேகரிப்பவர் தேடுவது கேட்லாக்கில் இல்லாத இந்தக் கலவையைத்தான்.

ஜெர்மனியின் ராஸ்டாட்டில் இருந்த டயானா ஆலையை எடுத்துக்கொள்ளலாம். 1890-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டயானா என்ற பெயரும் இயந்திரங்களும் ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ நிறுவனத்துக்குப் போய்விட்டன. 1950-இல் ராஸ்டாட் மறுபடி ஏர்கன் செய்யத் தொடங்கியபோது பிரிட்டனில் சொந்தப் பெயரிலேயே விற்க முடியாத நிலை. அதனால் அங்கே “ஒரிஜினல்” என்று முத்திரையிட்டு விற்றார்கள். அமெரிக்காவுக்குப் போன மாடல் 27 அங்கே ஹை-ஸ்கோர் 807 ஆனது. வின்செஸ்டர் பெயரில் 427, 435, 450 என்று போனவை முறையே 27, 35, 50. கெக்காடோ என்ற பெயரிலும் போயிருக்கின்றன. ஒரே துப்பாக்கிக்கு இத்தனை பெயர். 1984-இல் மாடல் 34 வந்த பிறகு 27-உம் 35-உம் மெல்ல ஓரம் கட்டப்பட்டன. அந்தக் கடைசிச் சில வருடங்களின் துண்டுகளில் எந்தப் பெயர், எந்த சைட், எந்தக் கட்டை என்ற கூட்டல் கழித்தல்தான் மொத்த ஆர்வமும்.

பிரிட்டனின் பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்த ஏர்ஸ்போர்ட்டரின் கதை வேறு மாதிரி. 1948-இல் வந்தது. நெம்புகோல் முன்கட்டைக்குள் ஒளிந்திருக்கும். இழுத்து ஸ்பிரிங்கை ஏற்றும்போதே பெல்லட் (ஈயக் குண்டு) போடும் கூம்பு வடிவத் திருகு தானாகத் திறந்துகொள்ளும். 1979-இல் கனமான பேரலோடு ஏர்ஸ்போர்ட்டர் எஸ். கடைசிக் காலத்தில், அத்தனை வருடம் அடையாளமாக இருந்த அந்தக் கூம்புத் திருகையே தூக்கிவிட்டுச் சுழலும் பிரீச் (பெல்லட் போடும் வாய்) வைத்தார்கள். பேரல் நுனி வரை மரம் மூடிய ஸ்டூட்சன் பதிப்பும் வந்தது. முதல் பதிப்புக்காக அடித்துக்கொள்பவர்கள் நிறைய. கடைசிப் பதிப்பைச் சீந்தாத காலத்தில்தான் அவை துருப்பிடித்தும் உதிரி பாகத்துக்காகப் பிரிக்கப்பட்டும் குறைந்தன. அரிதானதற்குக் காரணம் குறைவாகச் செய்தது மட்டுமில்லை, யாரும் மதிக்காததும்தான்.

பொருந்தாமைதான் சாட்சி

இங்கேதான் சிக்கல். ஆலையே கலந்து கட்டியதும், நடுவில் யாரோ ஒருவர் உடைந்த சைட்டுக்குப் பதில் வேறொன்றைப் போட்டதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். “இது மாறுதல் காலத்துப் பதிப்புங்க, ரொம்ப ரேர்” என்று விற்பவர் சொன்னால் அதை எப்படிச் சோதிப்பது?

முதலில் எழுத்து. ராஸ்டாட் துப்பாக்கிகளில் சிலிண்டரின் பின்கோடியில், கட்டையோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், மாதமும் வருடமும் இரண்டிரண்டு இலக்கமாகச் சின்னதாக அடித்திருப்பார்கள். 07 78 என்றால் 1978 ஜூலை. ஐங்கோணத்துக்குள் எஃப் எழுத்து இருந்தால் அது ஜெர்மன் உள்நாட்டுச் சந்தைக்கான, முனை ஆற்றல் (பெல்லட் வெளியேறும்போது அதற்கு இருக்கும் ஆற்றல்) 7.5 ஜூலுக்கு மிகாத துப்பாக்கி. அந்தக் குறி 1970-களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே எஃப் இருந்தும் ‘1965-ஆம் வருடத்துது’ என்று சொல்கிறார்கள் என்றால் ஒன்று சிலிண்டர் மாறியிருக்கிறது, இல்லை சொல்பவர் கணக்கு மாறியிருக்கிறது. எஃப் இல்லை என்பதற்காகப் பழையது என்றும் முடிவு கட்டக் கூடாது. ஏற்றுமதிச் சரக்கில் அது இல்லாமல் வருவது வழக்கம். இந்த எழுத்தைப் படிக்க பல்புக்கு நேரே பிடித்தால் ஒன்றும் தெரியாது. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை உலோகத்தோடு உரசுகிற மாதிரிப் பக்கவாட்டில் பிடியுங்கள். சாக்பீஸ் தூளை விரலால் தேய்த்து, மேல்தூளை மட்டும் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும். அந்த நிலையில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தை விட நம்பத்தக்கது நிழல். பின் சைட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றும்போது ஸ்க்ரூ தலையின் வெட்டை இறுக்கமாக நிரப்பும் ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும். இல்லையென்றால் முனையைச் சாணையில் தீட்டிப் பொருத்துங்கள். அசையாவிட்டால் மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு காத்திருங்கள். அவசரப்பட்டுச் சிதைத்த ஸ்க்ரூ தலை, அடுத்து வாங்குபவரிடம் உங்களைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும். சைட் நகர்ந்ததும் கீழே தெரிவதைப் பாருங்கள். நாற்பது வருடம் வெளிச்சமும் விரலும் வியர்வையும் படாத நீலக்கறுப்புப் பூச்சு, சுற்றிலும் இருப்பதை விட ஆழமான நிறத்தில், சைட்டின் அடிப்பாகம் எந்த வடிவமோ அதே வடிவத்தில் தெரியும். ஓரம் கத்தி வைத்து வெட்டியது போல இருக்கும். பிளாஸ்டிக் சைட் குறுகலாக இருந்து, அடியில் நிழல் அகலமாகத் தெரிந்தால், அங்கே வெகு காலம் அகலமான உலோக சைட் உட்கார்ந்திருந்தது என்று பொருள். பிளாஸ்டிக் பிறகு வந்தது. நிழலும் அடிப்பாகமும் இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், அந்தப் பொருந்தாத சைட் ஆலையிலேயே ஏறியிருக்கிறது, அல்லது மிக இளம் வயதிலேயே ஏறியிருக்கிறது. இரண்டாவது சந்தேகத்தையும் குறைக்க முன் சைட்டுக்கும் டிரிகர் காவல் வளையத்துக்கும் இதே சோதனை.

கட்டைக்கு உள்ளேயும் பார்க்க வேண்டும். உலோகம் உட்காரும் பள்ளத்தில் எண்ணெய் ஊறிய கறை, அந்த உலோகத்தின் உருவத்தையே வரைந்து வைத்திருக்கும். கறைக்கும் சிலிண்டருக்கும் பொருத்தமில்லை என்றால் கட்டை வேறு துப்பாக்கியிலிருந்து வந்தது. ஆலைக் கட்டையில் மரம் உலோகத்தை விட ஒரு நூல் மேலே நிற்கும். கீழே இறங்கியிருந்தால் எமரி பேப்பர் போட்டிருக்கிறார்கள். மலைத்தோட்டங்களில் காபிச் செடிக்கு நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கில் செய்த கட்டைகளும் கண்ணில் படும். லேசாக, நார் வரிகள் பளிச்சென்று தெரியும். தேக்கிலும் செய்வார்கள். தச்சரின் கைவேலை சில சமயம் ஆலையை விட நன்றாகவே இருக்கும். ஆனால் அதை “தனி ஆர்டர் கட்டை” என்று விற்க வருபவரிடம் நமஸ்காரம் போட்டுவிட்டு வந்துவிடலாம்.

சக்கரம் தொடும் நிமிடம்

இப்போது பட்டறைக்குத் திரும்புவோம். பஃபிங் மோட்டார் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 2,800 சுற்று ஓடுகிறது. சக்கரத்தில் பாலிஷ் சோப்பு தடவியாகிவிட்டது. சிலிண்டரை இரண்டு கையால் பிடித்து அழுத்தும் முதல் ஐந்து வினாடியில் துரு போகிறது. பார்ப்பவருக்குச் சந்தோஷம். அடுத்த பத்து வினாடியில் ஸ்க்ரூ துளைகளின் விளிம்பு உருண்டு, துளை ஒரு குட்டிக் கிண்ணம் போலக் குழிகிறது. துணி மெத்தென்று இருப்பதால் துளைக்குள் புகுந்து விளிம்பை இழுத்துக்கொண்டு போகும். அதற்கடுத்து எழுத்து. சக்கரம் சுழலும் திசையில் எழுத்தின் ஒரு பக்கச் சுவர் மட்டும் தேய்ந்து, 7 ஒரு கோடாக, 8 ஒரு கறையாக ஆகிறது. சைட் நிழல் என்று மேலே சொன்னோமே, அது இருந்த தடமே இருக்காது. அரை நிமிடத்துக்குள், ‘இது 1980-களின் கடைசிச் சரக்கு’ என்ற பேச்சுக்கு இருந்த ஆதாரம் மொத்தமும் பட்டறைத் தரையில் கறுப்புத் தூளாகக் கிடக்கிறது. துப்பாக்கி அதே துப்பாக்கிதான். ஆனால் இனி அது எதையும் நிரூபிக்காது.

அதற்கு மேல் கறுப்பு ஏற்றுவது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த தொட்டியை 140 டிகிரி அளவுக்குக் காய்ச்சி அதில் முக்குவார்கள். எஃகுக்கு ஒன்றும் ஆகாது. கடைசிக்காலத் துப்பாக்கிகளில் செலவைக் குறைக்க அலுமினியமும் துத்தநாக வார்ப்பும் போட்டிருப்பார்களே, அவை அந்தக் காரத்தில் நுரைத்துக் கரையும். ஈயப் பற்று வைத்து ஒட்டிய இடங்களும் அரிக்கும். பழைய, முழு எஃகுத் துப்பாக்கி இந்தத் தொட்டியிலிருந்து உயிரோடு திரும்பும், பின்னால் வந்தது திரும்பாது. சில வருடம் கழித்துக் கடினப்படுத்திய பாகங்கள் மட்டும் கத்தரிப்பூ நிறத்துக்குத் திரும்புவதையும் பார்க்கலாம். பேரல் கறுப்பு, டிரிகர் பாகம் ஊதா என்றால் மறுபூச்சு நடந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

துருவை அப்படியே விடச் சொல்லவில்லை. செந்துருவைக் கறுப்பாக மாற்றுவதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. சிலிண்டரிலிருந்து ஸ்பிரிங், பிஸ்டன், வாஷர், பிளாஸ்டிக், அலுமினியம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். எஃகு பாகத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப் பசை போக்கி, பேரல் துளையின் இரு முனையிலும் மரத் தக்கை அடித்து, தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். சேலத்து போர்வெல் தண்ணீர் ஆகாது, உப்பு வெள்ளையாகப் படியும். பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கிடைக்கும் பேட்டரி வாட்டர் போதும். ஆசிட் இல்லாத, உப்பு நீக்கிய தண்ணீர்தானா என்று கேட்டு வாங்குங்கள். பாத்திரம் எவர்சில்வர் தொட்டியாக இருக்கட்டும். 60 செ.மீ. நீளம் இருந்தால் பெரும்பாலான பேரல் அடங்கும். இரும்பாலை இருக்கிற ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. கொதித்து எடுத்ததும் செந்துரு கறுத்திருக்கும். மேலே தளர்ந்து நிற்கும் கரிப்பொடியை மிக நுண்ணிய ஸ்டீல் வூலை எண்ணெயில் நனைத்து, பூனையைத் தடவுகிற அழுத்தத்தில் துடையுங்கள். தேவைப்பட்டால் மறுபடி கொதிக்க வைக்கலாம். முத்திரையும் நிழலும் விளிம்பும் இருந்த இடத்திலேயே இருக்கும். பளபளப்பு வராது. அது வர வேண்டியதும் இல்லை.

உள்ளே மாற்றலாம்

வெளியே கை வைக்காதே என்று சொல்லிவிட்டு உள்ளே தாராளமாக மாற்று என்பது முரணாகத் தோன்றும். பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் வாஷரும் ஸ்பிரிங்கும் தேய்வதற்கென்றே வைத்தவை. கழற்றியதை ஒரு ஜிப் கவரில் போட்டு, தேதி எழுதிப் பெட்டியோடு வைத்தால் எதையும் இழக்கவில்லை. கடைசிக்காலத் துப்பாக்கிகளுக்கு இது கட்டாயமும்கூட. காரணம், தோல் வாஷர் போட்ட தாத்தா துப்பாக்கி இன்றைக்கும் சுடும். 1970-களில் நவீனம் என்று செயற்கை வாஷர் போட்ட பேரன்தான் படுத்துக் கிடக்கிறான். ஜெர்மன் ஃபைன்வெர்க்பாவ் 124 இதற்குப் பேர்போனது. அதன் ஆலை வாஷர் சுட்டாலும் சுடாவிட்டாலும் வயதானால் மெழுகு போல மிருதுவாகிப் பழுப்புத் துணுக்காக உதிரும். அந்தக் காலத்து வால்தர், டயானா இலக்குத் துப்பாக்கிகள் பலவற்றுக்கும் இதே வியாதி. பேரலுக்குள் வெள்ளைத் துணி ஒன்றைத் தள்ளிப் பாருங்கள். பழுப்புத் துகள் ஒட்டினால் அதன் பிறகு ஒரு முறைகூடச் சுடாதீர்கள். மெத்தை இல்லாத பிஸ்டன் சிலிண்டர் முனையில் உலோகத்தோடு உலோகமாக மோதும். ‘டிங்’ என்ற சத்தம் கேட்கும். அந்தக் காயத்துக்கு மருந்து இல்லை.

பிரிக்கும்போது ஸ்பிரிங் கம்பிரஸர் இல்லாமல் இறங்க வேண்டாம். டிரிகர் பகுதியின் கடைசிப் பின்னைத் தட்டியதும் ஸ்பிரிங் மாடலைப் பொறுத்து 5 முதல் 10 செ.மீ. வரை துள்ளி வரும், பல்லைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். டயானா 27, 35-இல் டிரிகர் மூன்று எஃகுக் குண்டுகளில் பிடித்து நிற்கும். ஒரு பெரிய தட்டில் துணி விரித்து அதன்மேல் பிரியுங்கள். திரும்பப் போடும்போது குண்டுகளைக் கிரீஸில் ஒட்ட வைத்துப் பொருத்தி, பெல்லட் போடாமல் ஏற்றி, பேரலைக் கையால் இறுகப் பிடித்தபடியே பிடிமானத்தைச் சோதிக்க வேண்டும். டிரிகர் நழுவினால் பேரல் எகிறி விரலை நசுக்கும். சோதித்ததும் பிடியை விடாமல் டிரிகரை இழுத்து ஸ்பிரிங்கை மெதுவாகத் தளர்த்துங்கள். பெல்லட் இல்லாமல் சும்மா சுடக் கூடாது.

தோல் வாஷர் இங்கேயே செய்துகொள்ளலாம். சைக்கிள் பம்பு வாஷரும் ஸ்டவ் பம்பு வாஷரும் சின்னவை, பொருந்தாது. செய்முறை என்னவோ அதேதான். ஆவாரம்பட்டை மாதிரிப் பட்டையில் பதப்படுத்திய தோலாக இருக்க வேண்டும். கிரோம் தோல் வடிவம் பிடிக்காது. 3 மி.மீ. கனம். சிலிண்டர் உள்விட்டம் 25 மி.மீ., கிண்ணத்தின் சுவர் உயரம் 8 மி.மீ. என்றால் 40 மி.மீ. வட்டமாக வெட்டுங்கள். லேத்தில் 25 மி.மீ. துளையுள்ள ஒரு அச்சும், 19 மி.மீ. குத்தியும் கடைந்து வாங்குங்கள். துளையின் வாய் உருண்டையாக இருக்கட்டும், கூராக இருந்தால் தோல் கிழியும். தோலைக் கைச்சூட்டு வெந்நீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, வைஸில் மெதுவாக அழுத்தி, ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் தோல் சுருண்டு கருவாடாகிவிடும். காய்ந்ததும் சுவரைச் சமமாக நறுக்கி, மாட்டுக் குளம்பு எண்ணெயில் ஓர் இரவு ஊற வைத்து, நன்றாகத் துடைத்துப் பொருத்துங்கள். தேங்காய் எண்ணெயும் தையல் மிஷின் எண்ணெயும் வேண்டவே வேண்டாம். முதலாவது சிக்குப் பிடிக்கும். இரண்டாவது அழுத்தச் சூட்டில் பற்றிக்கொண்டு, டீசல் எஞ்சின் மாதிரி வெடித்து, ஸ்பிரிங்கையும் புது வாஷரையும் சேர்த்து முடிக்கும்.

வாஷர் பெரும்பாலும் சுடும்போது கெடுவதில்லை, உள்ளே போடும்போதே கெடுகிறது. சிலிண்டரின் அடியில் நெம்புகோல் ஓடும் நீளப் பிளவு இருக்கிறதே, அதன் விளிம்பு கத்தி மாதிரி. வாஷர் அதைத் தாண்டும்போது ஒரு கீற்று சீவிவிடும். பிளவின் உள்விளிம்பை நுண்ணிய எமரியால் மழுக்கி, எக்ஸ்-ரே ஃபிலிம் துண்டு ஒன்றைச் சுருட்டி உள்ளே விட்டு, அதன் மேல் பிஸ்டனை நழுவ விடுங்கள். தாண்டியதும் ஃபிலிமை உருவிக்கொள்ளலாம்.

கூம்புத் திருகு உள்ள வெப்லி மார்க் 3, ஏர்ஸ்போர்ட்டர் போன்றவற்றில் காற்றுக் கசிந்தால் உடனே அரைப்பசை போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கூம்பு கொஞ்சம் உள்ளே இறங்கும். அளவு மீறினால் திருகின் துளையும் பேரல் துளையும் நேர்க்கோட்டில் நிற்காது. பெல்லட்டின் பாவாடை சிதையும், குறி சிதறும். முதலில் சுத்தம் செய்து, கெட்டியான எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பாதிக் கசிவு அழுக்கினால் வருவதுதான்.

அளவும் சட்டமும்

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி பதிப்பு பற்றியது அல்ல, துளை பற்றியது. 2016 ஆயுத விதிகளின்படி துளை 4.5 மி.மீ.க்குள்ளும் முனை ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று தாண்டினாலும் உரிமம் வேண்டும். 5.5 மி.மீ. துளையுள்ள ஏர்ஸ்போர்ட்டர் 20 ஜூலுக்குக் கீழேதான் சுடும், ஆனாலும் துளையால் உரிமத்துக்குள் வந்துவிடும். பிரிட்டனில் பலர் விரும்பி வாங்கியது 5.5 என்பதால் ஆசைப்படும் பதிப்பு கைக்கு வரும்போது இந்த அளவில்தான் வந்து நிற்கும். பழைய பி.எஸ்.ஏ.க்களில் நம்பர் 1 போர் (துளை) என்றால் 4.5, நம்பர் 2 போர் என்றால் 5.5. முத்திரை படிக்க முடியாவிட்டால், ஏற்றாத துப்பாக்கியின் பேரல் முனையில் 5 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தை வைத்துப் பாருங்கள். உள்ளே போனால் அது 5.5. உரிமம் இல்லாதவர் அதோடு பேச்சை நிறுத்திக்கொள்வது நல்லது. ‘வீட்டுப் பரண்ல கிடந்ததுங்க’ என்பது காவல் நிலையத்தில் பதிலாகாது. சேர்வராயன் மலையில் பறவை மேல் குறி வைப்பவருக்கு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனியாகக் காத்திருக்கிறது.

மலையும் கீழேயும்

ஏற்காட்டுத் தோட்ட வீடுகளிலிருந்து வரும் துப்பாக்கிக்கும் சேலத்து வீட்டிலிருந்து வருவதற்கும் கட்டையைப் பார்த்தே வித்தியாசம் சொல்லலாம். மேலே கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், மாதக்கணக்கில் பனிமூட்டம். மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்து வெயிலுக்கு வந்ததும் சுருங்கத் தொடங்கும். வந்த அன்றே முன்கட்டை ஸ்க்ரூவை இறுக்கினால், சுருங்கும் மரம் ஸ்க்ரூவைச் சுற்றி விரிசல் விடும். ஃபேன் காற்று படாத அறையில் இரண்டு மூன்று வாரம் கிடத்தி, பிறகு விரல் பலத்தில் மட்டும் இறுக்குங்கள். பீச் கட்டை வால்நட்டை விட இந்த விஷயத்தில் மோசம். கடைசிக்காலப் பதிப்புகளில் பெரும்பாலும் பீச்தான்.

ரெக்ஸின் உறையிலும் தோல் உறையிலும் வைக்காதீர்கள். ஒன்று ஈரத்தை அடைக்கும், மற்றது பதப்படுத்திய உப்பை உலோகத்துக்குக் கொடுக்கும். பருத்தித் துணியில் சுற்றி, மரப்பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு, படுக்கை நிலையில் வையுங்கள். நட்டுக்குத்தாக வைத்தால் எண்ணெய் எல்லாம் கட்டையின் கழுத்துக்கு இறங்கி மரத்தை மெதுமெதுவாகச் சோறாக்கும். தொட்ட பிறகு விரல் ரேகையைத் துடைக்காமல் பெட்டியை மூடினால், மலையில் அடுத்த மழைக்குள் அதே ரேகை துருவில் பதிந்திருக்கும்.

ஏற்கெனவே பஃப் அடித்த துப்பாக்கி கையில் இருந்தால்? தேதியைப் புதிதாக வெட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள், வேண்டாம். எழுத்து எங்கே மங்கியது, எந்தத் துளை குழிந்தது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். விற்கும்போது அந்தத் தாளையும் கொடுங்கள். அந்தத் துப்பாக்கிக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதால் நல்ல வாஷர், நல்ல ஸ்பிரிங் போட்டு ஆசை தீரச் சுடலாம். மதில் சுவருக்கு முன்னால் மணல் நிரப்பிய மரப்பெட்டி, அதன் முகத்தில் காகித இலக்கு, பத்து மீட்டர் தூரம், கண்ணில் கண்ணாடி. மற்றதை, அந்தப் பொருந்தாத சைட்டோடு, பெட்டியிலேயே விடுங்கள்.